12 போர் துப்பாக்கியா, 20 போரா? மொதல்ல தோட்டா எங்க கிடைக்கும்னு பாருங்க

ஏற்காட்டுப் பக்கம் நாகலூர்ல இருக்குற எங்க சித்தப்பா பையன் போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி, "அண்ணா, 20 போர் துப்பாக்கி எடுத்துக்கலாம்னு இருக்கேன், அது தோள்ல உதைக்காதாம்ல"ங்கறான். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப்ல, அதான் பறக்குற களிமண் தட்டைச் சுடுற போட்டியில, சுட்டதைப் பாத்ததுல இருந்தே அவனுக்கு இந்தக் கிறுக்கு. அதே வாரம் டெக்சாஸ்ல இருக்குற மச்சான் கூப்பிட்டு, "மாப்ள, இங்க செப்டம்பர்ல புறா சீசன் ஆரம்பிக்குது, ஆபீஸ்ல எல்லாரும் போறாங்க, நான் என்ன போர் வாங்கட்டும்"னு கேட்டாரு. ரெண்டு பேருக்கும் வேற வேற பதில்தான் சொன்னேன். ஏன்னு இங்கயே எழுதிடுறேன், இன்னும் நாலு பேரு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது.

வேட்டைப் பேச்சை மொதல்லயே முடிச்சுடலாம். சேர்வராயன் மலையில வேட்டைக்கு எந்த போர் நல்லதுன்னு கேட்டா, எந்த போரும் இல்ல, அவ்ளோதான். 1972 வனவிலங்கு சட்டமும் அதுக்கு 1991ல வந்த திருத்தமும் சேர்ந்து அந்தக் கதையை முடிச்சுடுச்சு. தாத்தா காலத்துல முயலு, காட்டுக்கோழின்னு போனதெல்லாம் திண்ணையில உக்காந்து பேசிக்க வேண்டியதுதான். காட்டுப்பன்னி மரவள்ளிக் காட்டை ஒரே ராத்திரியில உழுது போட்டுட்டுப் போகுது, எனக்கும் தெரியும், எங்களுதே அடிவாரத்துல ரெண்டு ஏக்கர் போச்சு, வயிறு எரியுது. அதுக்காக நாம துப்பாக்கிய எடுத்துட்டு வரப்புல போய் நிக்க முடியாது. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு சொன்னது கூட, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறை ஆளுங்க சுடலாம்னுதான், விவசாயி சுடலாம்னு இல்ல. பயிர் பாதுகாப்புன்னு காரணம் போட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் அது துப்பாக்கி வச்சுக்கறதுக்கான லைசென்ஸ், மிருகத்தைச் சுடுறதுக்கு அனுமதி தனி. எஸ்டேட்டுக்குள்ள வர்ற காட்டுமாட்டைப் பத்தி பேசவே வேணாம், அது அட்டவணை ஒண்ணு, புலிக்கு இருக்குற அதே பாதுகாப்பு.

ஆக நமக்கு இங்க மிச்சம் இருக்குறது களிமண் தட்டு சுடுறதுதான், கிளே. வேட்டைங்கறது டெக்சாஸ் மச்சானோட கணக்கு, அவருக்குப் பின்னாடி வர்றேன்.

போர் நம்பர்னா என்னன்னு பாதிப் பேருக்கு தலைகீழா மனசுல பதிஞ்சிருக்கு. நம்பர் பெருசானா துப்பாக்கியும் பெருசுன்னு நினைக்கிறாங்க. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 453 கிராம் சொச்சம், 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை எந்தக் குழல்ல சரியா உக்காருமோ அது 12 போர், குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். 16 உருண்டையா உருட்டினா 16 போர், 16.8 மில்லி. 20ன்னா 15.6, 28ன்னா சுமாரா 14. லட்டு புடிக்கற மாதிரிதான், எண்ணிக்கை ஏற ஏற உருண்டை சின்னதாகும். இதுல 410 மட்டும் வேற ஜாதி, அது உருண்டைக் கணக்கே இல்ல, குழலோட குறுக்களவு ஒரு இஞ்சுல ஆயிரத்துல 410 பங்கு, 10.4 மில்லி. போர் கணக்குல போட்டா 67, 68 கிட்ட வரும்.

அடுத்து, 12 போர்னா ரொம்ப தூரம் போகும், 20 போர்னா பாதியில விழுந்துடும்னு ஒரு நம்பிக்கை. அப்படியெல்லாம் இல்லீங்க. தோட்டாவுக்குள்ள இருக்குற ரவை, அதாவது குட்டி குட்டி குண்டு, ஒரே சைஸ்ல ஒரே வேகத்துல கிளம்புச்சுன்னா அது எந்தக் குழல்ல இருந்து வந்துச்சுன்னு ரவைக்குத் தெரியாது. வித்தியாசம் எத்தனை ரவைங்கறதுல. அமெரிக்காவுல நாலு போர்லயும் தனித்தனியா ஸ்கீட் போட்டி (இதுவும் தட்டு சுடுறதுதான்) நடத்துறாங்க, அங்க 12க்கு 32 கிராம் வரைக்கும் ரவை போடலாம், 20க்கு 25, 28க்கு 21, 410க்கு வெறும் 14 கிராம். பறக்குற தட்டைச் சுத்தி விரியுற ரவை மேகத்துல எவ்ளோ ஓட்டை இருக்குங்கறதுதான் விஷயம். ரவை கம்மியானா ஓட்டை ஜாஸ்தி, நீங்க சரியாவே குறி வச்சிருந்தாலும் தட்டு அந்த ஓட்டை வழியா நழுவிப் போயிடும். 410ஐ சின்னப் பசங்களுக்கு ஈஸியான துப்பாக்கின்னு வாங்கிக் குடுக்கறதைப் பாத்தா எனக்கு கோவம்தான் வருது, அது கை தேறினவங்க சவாலுக்கு எடுக்கற சாமான், கத்துக்கற புள்ளைக்கு பத்துக்கு எட்டு தப்பினா அது ரெண்டாவது வாரமே கிரிக்கெட்டுக்குத் திரும்பிடும்.

இப்ப உதை. தம்பி கேட்ட கேள்வியே இதுதான். 20 போர் உதைக்காதுன்னு சொல்றவங்க துப்பாக்கியோட எடையைச் சொல்ல மாட்டாங்க. கிளேக்குன்னு செஞ்ச 12 போர் மூணரை கிலோவுக்கு மேல இருக்கும், 20 போர் சாதாரணமா 2.8, 3 கிலோ. ஒலிம்பிக் விதிப்படி தோட்டாவுல ரவை 24 கிராம்தான், அதுக்கு மேல கூடாது. அதே 24 கிராமை 3.6 கிலோ துப்பாக்கியில போட்டுச் சுட்டுப் பாருங்க, 2.8 கிலோ துப்பாக்கியில போட்டுச் சுட்டுப் பாருங்க, ரெண்டாவதுதான் கணக்குப்படி கால் பங்குக்கு மேல ஜாஸ்தியா தோள்ல இறங்கும். உதைங்கறது போர் நம்பர்ல இல்ல, உள்ள போற ரவையும் கையில இருக்குற எடையும் சேர்ந்த விஷயம். ஒலிம்பிக்ஸ்ல பொண்ணுங்களும் 12 போர்தான் சுடுறாங்க, பாரிஸ்ல ராஜேஸ்வரி குமாரி, ஷ்ரேயசி சிங், மகேஸ்வரி சௌஹான் எல்லாரும் அதான், யாரும் "லேடீஸ் சைஸ்" 20 எடுத்துட்டு வரல.

இதை நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல, தோள்ல வாங்கிட்டு சொல்றேன். மொத தடவை டிராப் ரேஞ்சுக்குப் போனப்ப, தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்ல சும்மா கிடந்த பழைய ரெட்டக்குழல் 12 போரை எடுத்துட்டு வந்தாரு, மூணு கிலோ கூட இருக்காது, தோட்டா 36 கிராம், வேட்டைக்குப் போடுற வெயிட்டான சரக்கு, ஓசியில கிடைக்குதேன்னு நானும் 50 சுட்டுட்டேன். இருபதாவதுக்கு மேல தட்டைப் பாக்கவே இல்ல, எப்ப உதைக்கும்னு கண்ணை மூடிட்டுதான் விசையை இழுத்திருக்கேன். ராத்திரி பனியனைக் கழட்டினா தோள்பட்டை கத்திரிக்கா கலர். மறுநாள் ஏற்காடு ஏறணும், 20 கொண்டை ஊசி வளைவுலயும் பைக் ஹேண்டிலை வலது கையால திருப்ப முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினேன், பின்னாடி உக்காந்திருந்த பொண்டாட்டி "இதுக்குத்தான் காசு குடுத்து போனீங்களா"ன்னு பன்னெண்டாவது வளைவுல கேட்டா. அந்தத் துப்பாக்கியும் 12 போர்தான், இப்ப நான் சுடுறதும் 12 போர்தான். இப்ப 100 சுட்டுட்டு வந்து சாயங்காலம் தட்டுவடை செட் சாப்புடுற கை ஒண்ணும் நடுங்கறதில்ல.

சரி, உதை பிரச்சனை இல்லைன்னா 20 எடுத்தா என்ன தப்பு? தப்பில்ல. ஆனா தோட்டா?

இங்கதான் நம்ம ஊரு நிலவரம் உள்ள வருது. வெளிநாட்டுல எழுதறவங்க 28 போர் எவ்ளோ அழகு, 16 போர் எவ்ளோ பேலன்ஸ்னு எழுதறதெல்லாம் அந்த ஊர் கடையில நாலு போர் தோட்டாவும் அலமாரியில அடுக்கியிருக்கும்ங்கற தைரியத்துல எழுதறது. நம்ம ஊர்ல துப்பாக்கிக் கடைக்குப் போனா கண்ணுக்குத் தெரியறது 12 போர்தான், புனே பக்கம் காட்கி ஆலையில செய்யுற சக்திமான் எக்ஸ்பிரஸ் டப்பா இருக்கும். 20 கேட்டா கடைக்காரர் ஏற இறங்க பாப்பாரு. 16 கேட்டா "வரும் சார், அடுத்த மாசம்"னுவாரு. எங்க தாத்தாவோட 16 போருக்கு நான் ஒரு கடையில ரெண்டு வருஷமா அந்த "அடுத்த மாசம்" கேட்டுட்டு இருக்கேன்.

அப்புறம் அளவு. டிராப்ல ஒரு ரவுண்டுன்னா 25 தட்டு. தகுதிச் சுத்துல ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி வரைக்கும் சுடலாம், அப்ப கத்துக்குட்டிக்கு ஒரு ரவுண்டுக்கே 40, 45 தோட்டா போயிடும். நாலு ரவுண்டு சுட்டா? போட்டின்னா 125 தட்டு. சாதா லைசென்ஸ்ல வருஷத்துக்கு இத்தனை தோட்டான்னு ஒரு எண்ணிக்கை எழுதியிருக்கும், அது ஒழுங்கா பழகறதுக்குப் பத்தாது. ஒழுங்கா சுடணும்னா கிளப்புல சேர்ந்து, போட்டிக்குப் போய், விளையாட்டு வீரர்ங்கற வகையில கூடுதல் தோட்டாவுக்கு வழி பண்ணிக்கணும். அப்படிப் போனா கிளப்புல இருக்குறவங்க எல்லாரும் சுடுறது 12 போர், 70 மில்லி நீளத் தோட்டா, 24 கிராம் ரவை. உங்களுக்கு தோட்டா தீந்துட்டா பக்கத்துல நிக்கறவர்கிட்ட ஒரு டப்பா கடன் வாங்கலாம். 20 வச்சிருந்தா யார்கிட்ட கேப்பீங்க? நான் 12ன்னு சொல்றதுக்கு பாதிக் காரணம் இதான், ரொம்ப அல்பமான காரணம் மாதிரி இருக்கும், ரேஞ்சுல நின்னு பாத்தா புரியும்.

20 போரைப் பத்தி இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ரேஞ்சுல எங்க கோச் புதுசா வர்ற எல்லாருக்கும் ஒண்ணு செஞ்சு காட்டுவாரு. மடக்கித் திறந்த காலி 12 போர் துப்பாக்கி, சுட்டுப்போட்ட ஒரு 20 போர் வெத்துத் தோட்டா, மஞ்சக் கலர். அதைக் குழல்ல விடுவாரு. சர்ருன்னு உள்ள வழுக்கிட்டுப் போய் கொஞ்ச தூரத்துல டக்குனு நிக்கும், கீழ விழாது. அப்புறம் ஒரு காலி 12 போர் தோட்டாவை எடுத்து அது பின்னாடி வைப்பாரு, கச்சிதமா உக்காரும், துப்பாக்கி மூடிக்கும், வெளியில இருந்து பாத்தா எந்த வித்தியாசமும் தெரியாது. "இது நிஜத் தோட்டாவா இருந்து, வெடிக்கலையேன்னு இன்னொண்ணு போட்டு நீ விசையை இழுத்திருந்தா இந்த எடத்துல குழல் பிளந்துருக்கும்"னு சொல்லி இடது கை புடிக்கற எடத்தை விரலால தொட்டுக் காட்டுவாரு. அதனாலதான் உலகம் பூரா 20 போர் தோட்டாவை மஞ்சள்ல செய்யறாங்க. வீட்ல ஒரே பீரோவுல ரெண்டு போரும் வச்சுக்காதீங்க, ஒரே பையில ரெண்டு தோட்டாவும் போடவே போடாதீங்க. ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான்னு 2019 திருத்தத்துல குறைச்சுட்டாங்க, அந்த ரெண்டும் ஒரே போரா இருக்கட்டும்.

மலையில பழைய எஸ்டேட் குடும்பங்க இருக்காங்களே, அவங்களுக்குக் கொஞ்சம் விரிவா சொல்லணும். சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820கள்ல காப்பிச் செடி கொண்டு வந்ததுல இருந்து வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சாமான் இந்த மலையில நெறைய, அதுல துப்பாக்கியும் உண்டு. தாத்தா பேர்ல லைசென்ஸ் இருந்தா, லைசென்ஸ்காரர் 70 வயசைத் தாண்டினாலோ 25 வருஷம் வச்சிருந்தாலோ வாரிசுக்கு மாத்தித் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், இறந்துட்டாலும் வாரிசு கேக்கலாம், 2016 விதியில இருக்கு. அதனால நெறைய பேருக்கு எந்த போர் வாங்கறதுங்கற கேள்வியே இல்ல, கைக்கு வந்தது என்ன போர்ங்கறதுதான் கேள்வி.

எங்களுது 16. சித்தப்பா வீட்டு சாப்பாட்டு மேசையில பழைய வேட்டியை விரிச்சு, குழலைக் கட்டையில இருந்து கழட்டி தலைகீழா வச்சு டார்ச் அடிச்சுப் பாத்தோம். குழலுக்கு அடியில குட்டி குட்டியா முத்திரை இருக்கும், அந்த எடத்துலதான் துப்பாக்கியோட ஜாதகமே இருக்கு. பழைய இங்கிலீஷ் 12 போர்னா ஒரு சாய்சதுரத்துக்குள்ள 12ம் அதுக்குக் கீழ C எழுத்தும் போட்டிருக்கும், புகையில்லா மருந்துக்குச் சோதிச்சதுன்னா நைட்ரோ ப்ரூஃப்னு அடிச்சிருப்பாங்க. நைட்ரோ முத்திரை இல்லைன்னா, குழல்ல பாம்புத்தோல் மாதிரி சுருள் சுருளா கோலம் தெரிஞ்சா, அது இரும்புப் பட்டையை முறுக்கிச் செஞ்ச டமாஸ்கஸ் குழலா இருக்கலாம், கரிமருந்துக் காலத்து சாமான், சுவத்துல மாட்டுறதோட நிறுத்திக்கங்க. எல்லாம் சரியா இருந்தாலும் தோட்டா உக்கார்ற அறையோட நீளம் பாக்கணும். பழசு பெரும்பாலும் 65 மில்லி, இப்ப வர்றது 70. இதுல குழப்பம் என்னன்னா 70 மில்லி தோட்டா 65 அறையில சமத்தா உக்காந்துக்கும், ஏன்னா 70ங்கறது சுட்டதுக்கப்புறம் வாய் விரிஞ்ச நீளம், மடிச்சு வச்சப்ப அது குட்டைதான். சுடும்போது அந்த மடிப்பு விரியறதுக்கு எடமில்லாம ரவை போற வழியை நெருக்கும், அழுத்தம் எகிறும். "உள்ள போகுது, மூடுது, அப்புறம் என்ன"ன்னு சித்தப்பா கேட்டதும் இதைத்தான், பதில் சொல்ல அரை மணி நேரம் ஆச்சு.

16 போரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில எடுத்துத் தோள்ல வச்சா கண்ணு தானா குழல் மேல போய் உக்காருது, 20ஐ விட ரவை கொஞ்சம் ஜாஸ்தி, 12ஐ விட ஒடம்பு மெலிசு. தோட்டா மட்டும் கிடைச்சா இந்தக் கட்டுரையே வேற மாதிரி எழுதியிருப்பேன்.

தட்டு சுடுறதுலயும் எது சுடப்போறீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. ஸ்கீட்ல தட்டு ரெண்டு கூண்டுல இருந்து குறுக்கால வரும், 20 மீட்டருக்கு உள்ளயே உடைச்சுடலாம், அந்தத் தூரத்துக்கு 20 இல்ல 28 கூட போதும். டிராப்ல மெஷின் உங்களுக்கு 15 மீட்டர் முன்னாடி பள்ளத்துல இருக்கும், தட்டு உங்களை விட்டு விலகி ஓடும், 76 மீட்டர் போய் விழற வேகம், நீங்க கண்டுபுடிச்சு சுடுறதுக்குள்ள 30 மீட்டர் தாண்டியிருக்கும், 11 சென்டிமீட்டர் தட்டோட விளிம்பு மட்டும்தான் தெரியும், நம்ம தட்டுவடையை விட கொஞ்சம் பெருசு. அங்க ஒவ்வொரு ரவையும் வேணும். தம்பிக்கு டிராப்தான் ஆசைங்கறதால அவனுக்கு இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல.

டெக்சாஸ் மச்சானுக்கு நான் சொன்னது நேர் எதிர். அவருக்கு எல்லாத் தோட்டாவும் வீட்டுப் பக்கத்துக் கடையில கிடைக்குது, நாள் பூரா வெயில்ல துப்பாக்கியைத் தூக்கிட்டு நடக்கணும், புறா சின்ன பறவை, 30 மீட்டருக்குள்ள சுடப் போறாரு, ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல சுடப் போறதில்ல. அதுக்கு லேசான 20 போர் அருமை. ஆனா "அப்படியே குளிர்காலத்துல வாத்துக்கும் போலாம்ல"ன்னு ஒண்ணு கேட்டாரு பாருங்க, அங்கதான் நிறுத்தினேன். அமெரிக்காவுல 1991ல இருந்து நாடு பூரா வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது, ஏரியில விழுந்த ஈயத்தைத் தின்னு பறவை சாகுதுன்னு. பதிலுக்கு இரும்பு ரவை. ஈயத்தோட அடர்த்தி 11.3, இரும்பு 7.8தான், அதே தூரத்துல அதே அடி கிடைக்கணும்னா ரவை சைஸைப் பெருசாக்கணும், பெருசானா அதே எடத்துல கம்மியாதான் கொள்ளும், அப்ப பெரிய தோட்டா வேணும், 12 போர்ல மூணு இஞ்சு. வாத்துக்கும் போற ஐடியா நெஜமாவே இருந்தா 12, புறா மட்டும்னா 20ன்னு சொல்லிட்டேன். அக்கா நடுவுல போனை வாங்கி, "வாத்தெல்லாம் வேணாம், இந்த வீட்ல யாரு அதை உரிக்கறது"ன்னுட்டா. 20 வாங்கிட்டாரு.

தம்பி 12க்கு ஒத்துக்கிட்டான். மேல கீழ குழல் வச்ச கிளே துப்பாக்கி, குழல் 30 இஞ்சு, 24 கிராம் தோட்டா. அவன் ஆள் குட்டை, தோள்ல வைக்கற கட்டையோட நீளம் அவன் கைக்குச் சரியா இருக்கான்னு பாக்கறதுக்காக அடுத்த வாரம் புதுக்கோட்டை போறோம், வாங்கறதுக்கு முன்னாடி நாலு பேரோட துப்பாக்கியைக் கையில வாங்கித் தோள்ல வச்சுப் பாக்கட்டும். லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டாச்சு, போலீஸ் விசாரணைக்கு எஸ்டேட்டுக்கு வந்தவர் காப்பி குடிச்சுட்டு காட்டுமாட்டைப் பத்தியே அரை மணி நேரம் பேசிட்டுப் போனாராம். தாத்தாவோட 16, தேர்தல் வர்றப்பல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வர்றதோட சரி. அதோட காக்கித் துணி உறையில, மேல பேப்பர் உரிஞ்ச தோட்டா எட்டு இருக்கு. அதை என்ன பண்றதுன்னு அந்தக் கடைக்காரர்கிட்ட கேட்டா, "அடுத்த மாசம் வாங்க சார்"ங்கறாரு.